பழைய ஜீப்பின் அடித்தகடுகளை மாற்றிய கோவைப் பட்டறை: இரண்டு மழைக்குப் பின் என் மதிப்பீடு

குன்னூரில் ஓடும் என் 1989ஆம் ஆண்டு மகிந்திரா சி.ஜே. 500 டி ஜீப்புக்கு, கோவையில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு டிங்கரிங் பட்டறையில் 2024 பிப்ரவரியில் அடித்தகடுகள் முழுவதையும், அதாவது கால் வைக்கும் தளத்தை, மாற்றினேன். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் பெயின்ட் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். துருவை எதிர்த்துச் செய்த வேலையை மழைக்குப் பிறகுதான் மதிப்பிட முடியும் என்பதால், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் முடியும்வரை காத்திருந்தேன். குன்னூருக்கு இரண்டு மழையும் உண்டு; மழை இல்லாத நாளிலும் மூடுபனி இறங்கிவிட்டால் வண்டியின் அடிப்பகுதி காய்வதற்கு நேரம் கிடைப்பதில்லை. விளம்பரம் வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய இடம், ஒரு நேரத்தில் ஒரு ஜீப்தான் உள்ளே நிற்கும்.

அது பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததும், அதற்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பாகக் கழுவி வைக்கலாம் என்று ரப்பர் பாயைத் தூக்கியபோது, அடியில் இருந்த சணல் விரிப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்குக் கீழே, குதிகால் ஊன்றும் இடத்தில் திருப்புளியை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். தட்ட வேண்டிய தேவையே இல்லாமல் பிடிவரை உள்ளே இறங்கியது. வெளியே இழுத்ததும் அந்தத் துளை வழியாகக் கீழே தரையில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

அதே இடத்தில் 2015இல் வேறொரு பட்டறையில் ஒட்டுப் போட்டிருந்தேன். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வைத்துச் சாதாரண ஆர்க் வெல்டிங்கால் நான்கு மூலையிலும் பிடித்து, கீழே தார் பூசிக் கொடுத்திருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகவே இருந்தது. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் தானாகவே ஊர்ந்து உள்ளே போய்விடும்; போன தண்ணீரை வெளியே விடாமல் தார் தடுத்துவிடும். துரு என்பது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கக் கூடியது. எனவே அது இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்து, பிரிந்த இடைவெளியில் இன்னும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். ஒன்பது ஆண்டுகளில் உள்ளங்கை அளவு ஓட்டை ஓட்டுநர் பக்கத் தளம் முழுவதையும் தின்றுவிட்டது. பழைய ஜீப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒட்டு வேலைக்குத்தான் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோவைப் பட்டறையில் டிங்கர் அண்ணா முதல் நாள் வெல்டிங் மெஷினைத் தொடவே இல்லை. இருக்கைகளையும் பாயையும் கழற்றி எடுத்துவிட்டு, சிறிய பந்துத் தலைச் சுத்தியலால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு உள்ள இடத்தில் கணீரென்று ஒலித்த தட்டு, உளுத்த இடத்துக்கு வந்ததும் தொப்பென்று அடங்கியது. ஒலி மாறிய இடங்களையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு இணைத்தார். நான் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்; கோடுகள் சேர்ந்தபோது பயணி பக்கத் தளத்தில் பாதியும், கால் வைக்கும் சரிவுத் தகட்டின் கீழ் விளிம்பும், பின்பகுதியில் சக்கர வளைவை ஒட்டிய இரண்டு மூலைகளும் அதற்குள் வந்துவிட்டன. “தகடு போடறது பெரிய வேலை இல்லைங்க சார். எங்க வெட்டி நிறுத்தறதுன்னு தெரியணும். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டிப் பார்த்துட்டுத்தான் நான் கணக்குச் சொல்லுவேனுங்க” என்றார். அப்போதைக்குக் குத்துமதிப்பாக 45,000 ரூபாய் என்று மட்டும் சொன்னார்.

வெட்டுவதற்கு முன் அவர்கள் செய்த ஆயத்தங்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும். இந்த வண்டியில் டீசல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே கிரைண்டரை எடுத்தார்கள். பேட்டரி இணைப்பைப் பிரித்து, ஆல்டர்னேட்டரின் ஒயரையும் கழற்றினார்கள். வெல்டிங் மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் போய்விடும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஒட்டி ஓடும் பிரேக் குழாயின் மேல் நனைத்த சாக்கைச் சுற்றினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இடையே ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாகப் பிடித்தார்கள். கூரையும் கதவுச் சட்டமும் இல்லாத திறந்த ஜீப்பில் பாடியின் விறைப்பில் பெரும்பங்கு தளத்தால்தான் வருகிறது. அதை வெட்டி எடுத்ததும் பக்கச் சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். விரிந்த நிலையில் புதிய தகட்டை வைத்து வெல்டு செய்துவிட்டால், பிறகு கண்ணாடிச் சட்டமும் பின் கதவும் ஒருநாளும் பொருந்தாது. இந்தக் குறுக்குப் பிடிப்பைப் பற்றி நான் விசாரித்த மற்ற இரண்டு பட்டறைகளிலும் யாரும் பேசவில்லை. நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது ஓட்டுநர் பக்கம் தளமே இல்லை. கழற்றிய துண்டை எடுத்துக் காட்டினார்கள். மேலே 2015இல் போட்ட ஜி.ஐ. ஒட்டு, அதன் அடியில் எனக்கு முன்பு வைத்திருந்தவர் போட்ட இன்னொரு ஒட்டு, அதற்கும் அடியில் பிஸ்கட் போல உதிர்ந்த ஆதித் தகடு என்று மூன்று அடுக்கு. இவற்றுக்கு நடுவே செம்மண் அடை அடையாகப் படிந்து, கையில் எடுத்தால் இன்னும் ஈரமாக இருந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சேதம் கண்ணில் பட்டது. ஜீப்பின் தளத்துக்கு அடியில் தொப்பியைக் கவிழ்த்து வைத்த வடிவில் சானல்கள் குறுக்கே ஓடுகின்றன. பாடியின் பாரம் இவற்றின் வழியாகத்தான் அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ்களுக்கும் சேசிஸுக்கும் இறங்குகிறது. இந்த அமைப்பு இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்தது. அந்த ஜீப்புகளை 1947இல் இங்கே கோத்துக் கொடுக்கத் தொடங்கிய மகிந்திரா, பிற்கால மாடல்களிலும் அதன் அடிப்படையை மாற்றவில்லை. போர்க்கால வண்டிகளில் இந்தச் சானலுக்குள் மரக்கட்டையைக்கூடச் செருகியிருந்தார்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பைத் தின்றது. என் வண்டியில் மரம் இல்லை. அதற்குப் பதில், சக்கரம் வாரியடித்த சேறு சானலின் திறந்த முனை வழியே புகுந்து கெட்டியாகியிருந்தது. முன் சானலின் இடது முனையில் போல்ட்டைச் சுற்றி இரும்பே மிச்சமில்லை. அந்த மூலையில் பாடி இத்தனை நாளாகப் பழக்கத்தால் நின்றிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். மேல் தகட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது, ஆனால் புதிய தகடும் ஓராண்டில் அதே மூலையில் விரிசல் விட்டிருக்கும். டிராக்டர் வழி வந்த அந்த டீசல் எஞ்சினின் அதிர்வைத் தாங்கப் பிடிப்பில்லாத மூலையால் முடியாது. அண்ணா வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்து, நேரில் வரவழைத்துக் காட்டி, கூடுதல் செலவுக்குச் சம்மதம் வாங்கிய பிறகே மேற்கொண்டு வேலை செய்தார்.

தகடு விஷயத்தில் எங்களுக்குள் சிறிய விவாதம் நடந்தது. துருப் பிடிக்காதே என்று நான் ஜி.ஐ. தகட்டைக் கேட்டேன். வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்த வெண்புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், இணைப்பிலும் குமிழ் விழும், கடைசியில் காப்பு இருக்க வேண்டிய இணைப்பில் மட்டும் காப்பு இருக்காது என்று அவர் விளக்கினார். அது சரியாகவே பட்டது. இன்னொரு பக்கம், மலைப் பகுதி ஜீப்புகளில் பரவலாகப் போடும், மேலே புடைப்பு வரிகள் உள்ள 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட்டையும் அவர் மறுத்தார். அது கனம்; வளைந்து கொடுக்காது; அதனால் அதைச் சுற்றியுள்ள மெல்லிய பக்கச் சுவர்தான் கிழியும். ஆதித் தகட்டின் கெடாத பகுதியை அளந்து பார்த்து, அதே 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் சி.ஆர். தகட்டை (சூடாக்காமல் உருட்டிய, பூச்சில்லாத இரும்புத் தகடு) தளத்துக்கும், அதைவிடத் தடித்த 16 கேஜ் தகட்டைச் சானல்களுக்கும் எடுத்தார். எட்டுக்கு நாலு அடி 18 கேஜ் தகடு ஒன்று சுமார் 28 கிலோ வரும், தளம் முழுவதுக்கும் ஒன்றரைத் தகடு பிடித்தது. ஆதித் தளத்தில் விறைப்புக்காக அழுத்தியிருந்த நீள வரிகளைப் போலவே புதிய தகட்டிலும் உருளை மெஷினில் வரி எடுத்துக் கொண்டுவந்தார்கள். வெறும் தட்டைத் தகட்டைப் போட்டிருந்தால் ஓடும்போது தளம் தகர டின் போலச் சத்தம் போடும்.

வெல்டிங்கை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்கிற மிக் வெல்டிங், 0.8 மில்லிமீட்டர் கம்பி. தளம் சானலின் மேல் படுகிற வரிசையில் 8 மில்லிமீட்டர் துளைகளை ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு துளையையும் வெல்டால் நிரப்பிக் கீழேயுள்ள சானலோடு பிணைத்தார்கள். கம்பெனியில் தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கப் போட்ட ஸ்பாட் வெல்டுக்கு ஒரு சாதாரணப் பட்டறை தரக்கூடிய நேர்மையான மாற்று இதுதான். விளிம்பு இணைப்பில் ஒரு மூலையில் இரண்டு சென்டிமீட்டர் வைத்தால், அடுத்த இரண்டு சென்டிமீட்டர் எதிர் மூலையில். இடையில் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு அடங்கியதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே மூச்சில் இழுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், தகடும் அலை அலையாக நெளிந்திருக்கும். நான் பின்னால் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பயணி பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் லேசான பள்ளம் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் சமமாக நிற்கிறது. கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள மூடியை முன்பிருந்தது போலவே போல்ட்டில் கழற்றக் கூடியதாக வைத்துக் கொடுத்தார்கள். முன்பு ஒட்டுப் போட்ட பட்டறையில் அதையும் சேர்த்து வெல்டு வைத்துவிட்டதால், பிறகு கியர்பாக்ஸைப் பார்க்க வந்த மெக்கானிக் தளத்தை வெட்ட வேண்டியிருந்தது. ஆகவே இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

பூச்சு வேலையிலும் குறுக்கு வழி எடுக்கவில்லை. வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுவதும் தடுக்காது என்பதால் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், எல்லா இணைப்புகளிலும் மேலும் கீழும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், அதன் மேல் பெயின்ட், அடிப்பக்கம் ரப்பர் கலந்த அண்டர்கோட் என்ற வரிசையில் செய்தார்கள். சேசிஸில் மேற்புறமாகத் துருப் பிடித்திருந்த இடங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, துருவைக் கறுப்பாக மாற்றிக் கட்டும் அமில மருந்தை அடித்தார்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டர் படாமல் கையால் துடைத்தார்கள். தளத்தின் தாழ்ந்த நான்கு இடங்களில் வடிகால் துளை போட்டு ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள். நான் மழைக்காலம் முழுவதும் அந்த மூடிகளைக் கழற்றியே வைத்திருந்தேன்.

இனிக் குறைகள். பன்னிரண்டு நாள் என்று சொன்ன வேலை இருபத்து மூன்று நாள் ஆனது. சானல் வேலை கூடியதால் ஐந்தாறு நாள் நீண்டது நியாயம். மீதி நாள்கள் வரி எடுத்துக் கொடுக்கும் கடையில் தகடு காத்திருந்ததாலும், பெயின்டர் வேறு வேலைக்குப் போய்விட்டதாலும் வீணாயின. அவை நானாகக் கேட்டபோதுதான் தெரியவந்தன. சானல் விஷயத்துக்கு உடனே போன் செய்தவர் இதற்கும் செய்திருக்கலாம். இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. புதிய சானல்களின் உட்புறத்தில் வெல்டுக்கு முன் அடித்த பிரைமரைத் தவிர வேறு காப்பு எதுவும் இல்லாமலே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். வெல்டிங் சூட்டில் துளைகளுக்கு அருகே அந்தப் பிரைமரும் கருகிப் போயிருக்கும். மூடிய பிறகு எட்டிப் பார்க்க முடியாத இடம் அது, பழைய சானல்கள் கெட்டதும் உள்ளிருந்துதான். அக்டோபர் கடைசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, முன் சானலின் முனையிலிருந்து பழுப்பு நீர்க்கோடு ஒன்று வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன். படம் எடுத்து அனுப்பினேன். “கொண்டாங்க சார், அது எங்க தப்புதானுங்க” என்று ஒரே வரியில் பதில் வந்தது. நீண்ட குழாயைச் சானலின் முனை வழியாக உள்ளே விட்டு, மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை மறுமுனையில் வடியும்வரை எல்லாச் சானல்களிலும் அடித்துக் கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. பிப்ரவரியிலேயே இதைச் செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை; அங்கே வண்டி விடுகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு 57,500 ரூபாய். கூலி 32,000, தகடும் வளைத்து வரி எடுத்த செலவும் 8,500, வெல்டிங் கம்பி, கேஸ், கட்டிங் வீல் வகையில் 4,000, பூச்சுகளுக்கு 9,500, புதிய பாடி புஷ்களுக்கும் போல்ட்டுகளுக்கும் 3,500. எல்லாவற்றையும் தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். ஒட்டுப் போடுவதற்கு இதில் கால் பங்குகூட ஆகாது. ஆனால் 2015இல் கொடுத்த ஒட்டுக் கூலியும், வெல்டு வைத்து மூடியதால் கியர்பாக்ஸுக்கு ஆன வீண் செலவும், அந்த ஒட்டுகளை வெட்டி எடுக்கவே இப்போது ஆன இரண்டு நாள் கூலியும் சேர்ந்ததுதான் அந்த வழியின் உண்மையான விலை.

இவ்வளவு செலவுக்குப் புதிய பாடியையே வாங்கி மாட்டிவிடலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப்புக்கு முழுப் பாடியே செய்து கொடுக்கிறார்கள் என்பது ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வடிவில், அதே கனத்தில், கெட்ட தகட்டை மட்டும் மாற்றுவது பழுதுபார்ப்பு. அளவு மாறிய பாடியோடு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவது வேறு கதை. எனக்குப் புதுப்பித்தல் ஆய்வில் தளத்தைப் பற்றி எந்தக் கேள்வியும் வரவில்லை.

இரண்டு மழைக்குப் பிந்தைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் கடைசியில் மேடையில் ஏற்றி, கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தளத்தின் இணைப்புகளில் எங்கும் துருக்கோடு இல்லை, அண்டர்கோட் சக்கர வளைவின் பின்னால் கல்லடி பட்ட இரண்டு இடத்தில் மட்டும் உதிர்ந்திருக்கிறது, மெழுகு அடித்த சானல் முனைகள் சுத்தமாக இருக்கின்றன. ஓட்டும்போது முன்பு கியர் லீவரைச் சுற்றி வந்த கடகடப்பு குறைந்துவிட்டது. அதில் புதிய ரப்பர் புஷ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர் பாயை மீண்டும் போட்டிருக்கிறேன், சணல் விரிப்பைப் போடவில்லை. நனைந்த நாளில் பாயைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுகிறேன்.

நான் கேட்டபோது பட்டறையில் அடுத்த வண்டிக்கு மார்ச் மாதம்தான் இடம் என்றார்கள். ஜூன் மழைக்கு முன் முடிய வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. போகும்போது இருக்கைகளையும் பாயையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு, டாங்கில் டீசலைக் குறைத்து, வண்டியின் அடிப்பக்கத்தை அழுத்தத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். என் வண்டியின் அடியிலிருந்த சேற்றைச் சுரண்டவே அவர்களுக்கு ஒரு முழு நாள் ஆனது, அந்த நாளின் கூலியும் என் கணக்கில்தான் வந்தது.